கட்டைவீட்டுக் கித்தேரி

பள்ளங்கிக்குக் கீழே, மலைச்சரிவு காட்டாற்றில் போய் முடிகிற இடத்தில் கித்தேரியம்மாளின் வீடு இருந்தது. அந்தப் பக்கத்தில் மற்ற வீடுகளெல்லாம் மண்சுவர் வைத்தவை. இது மட்டும் முழு மரங்களை ஒன்றன்மேல் ஒன்றாகப் படுக்கவைத்து, மூலைகளில் வெட்டிக் கோத்துக் கட்டியது. இடுக்குகளில் களிமண்ணும் பாசியும் அடைத்திருந்தார்கள். மேலே தகரம். ஊரார் அதற்குக் கட்டைவீடு என்று பெயர் வைத்தார்கள். "எல்லாரும் செத்த பெறகுதான் கட்டையில போவாங்க. பவுல்ராசு உசுரோடயே போய்ப் படுத்துக்கிட்டான்" என்று டீக்கடையில் சொல்லிச் சிரித்தார்கள்.

பவுல்ராஜ் கித்தேரியின் கணவன். மரம் அறுப்பது அவனுக்குத் தொழில். ஒரு ஐப்பசிப் புயலில் வெள்ளைக்காரர் தோட்டமொன்றில் சைப்ரஸ் மரங்கள் வரிசையாகச் சாய்ந்தன. அவற்றை அறுத்து அப்புறப்படுத்திய கூலிக்குப் பதிலாகச் சில மரங்களை அவன் கேட்டு வாங்கிக்கொண்டான். அந்தத் தோட்டத்து பங்களாவில் மாட்டியிருந்த காலண்டர் ஒன்றில் பனிக்கு நடுவே ஒரு மரவீட்டின் படம் இருந்தது. அதன் முன்னால் வாயைப் பிளந்துகொண்டு நின்றதற்காக அவன் திட்டும் வாங்கியிருக்கிறான். வீட்டைக் கட்டியது அந்தப் படத்தைப் பார்த்துத்தான். கட்டிய இடம் கித்தேரியின் அப்பா சீதனமாகக் கொடுத்த சரிவு. பாசி சுமந்தவளும் மண் குழைத்தவளும் அவள்தான். இடுப்பில் கைக்குழந்தை சகாயராணி.

முதல் வருஷம் கித்தேரி அந்த வீட்டில் நன்றாக இருந்தாள். கூலி லைனில் பிறந்து வளர்ந்தவள் அவள். அங்கே ஒரு சுவருக்கு அப்பால் இன்னொருவர் இருமினால் இங்கே தூக்கம் கலையும். இங்கே ஆற்றுச் சத்தம் தவிர வேறு சத்தமில்லை. வீட்டுக்குப் பின்னால் பூண்டு போட்டாள். ஆடு வளர்த்தாள். ஒரு கோழிக்குஞ்சைக்கூட யாரையும் கேட்காமல் வாங்கவும் விற்கவும் முடிந்தது.

பிறகு குமாரவேல் வந்தார். கொடைக்கானலில் சீசனுக்கு வீடு பிடித்துக் கொடுக்கிற தரகர். வீட்டைச் சுற்றி வந்து மரங்களைத் தட்டிப் பார்த்தார். ஆற்றங்கரைப் பாறையில் உட்கார்ந்து ஒரு சிகரெட் பிடித்தார்.

"இது வீடு இல்ல பவுல்ராசு. ரிவர்சைட் காட்டேஜ். பிளெயின்ஸ்ல இருந்து வர்ற பேமிலிக இதுக்குத்தான் அலையுதுக. ஏரிக்கரையில நிக்க எடமில்ல. சீசனுக்கு மட்டும் நீங்க ஒதுங்கிக்கிட்டாப் போதும்."

"எங்க ஒதுங்குறது?" என்று கேட்டாள் கித்தேரி.

"அதான் மேல ஆட்டுக்கொட்டகை கெடக்குல்ல, தங்கச்சி."

அவள் கணவனைப் பார்த்தாள். அவன் காட்டேஜ் என்ற சொல்லை மெல்ல உதட்டுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தான்.

அதிலிருந்து சித்திரை பிறந்தால் அவர்கள் பாயையும் பானையையும் தூக்கிக்கொண்டு கொட்டகைக்குப் போவார்கள். கீழே மதுரை, திருச்சி, கோயம்புத்தூர் குடும்பங்கள் வந்து இறங்கும். வந்த நாளில் ஆகா என்பார்கள். மறுநாள் குறை தொடங்கும். ஆட்டு நாற்றம் வருகிறது. விறகு ஈரமாக இருக்கிறது. சகாயராணி ஆற்றில் இறங்கினால் தண்ணீர் கலங்குகிறது. விடியலில் சேவல் கூவித் தூக்கம் கெடுகிறது என்று ஒரு டாக்டர் குடும்பம் சொன்னது. பவுல்ராஜ் சேவலை அறுத்தான். குழம்பு வைத்து அந்த டாக்டர் குடும்பமே சாப்பிட்டது. ஒரு வருஷம் யாரோ ஒரு பையன் கத்தியால் உள்சுவர் மரத்தில் தன் பெயரைக் கொத்தி வைத்துவிட்டுப் போனான். கித்தேரி அதைக் கல்லால் தேய்த்துத் தேய்த்துப் பார்த்தாள். போகவில்லை.

தண்ணீர் எடுத்துக் கொடுப்பது, துணி துவைப்பது, பாத்திரம் விளக்குவது எல்லாம் அவள் தலையில் விழுந்தது. வந்தவர்கள் முன்னால் பவுல்ராஜ் ஒரு சிரிப்புச் சிரிப்பான். அந்தச் சிரிப்பைக் கல்யாணத்தன்றுகூட அவள் பார்த்ததில்லை.

"ஏங்க, இது நம்ம வீடுதானே?" என்று ஒருநாள் கேட்டாள்.

"நம்ம வீடுதான். அதனாலதானே வாடகைக்கு விடுறோம்" என்றான் அவன்.

ஐம்பத்தேழாம் வருஷம் மே மாதம், மதுரையில் ஜவுளிக்கடை வைத்திருந்த சேனாதிபதி வந்தார். மனைவி தமயந்தி, பிள்ளைகள், ஒரு சமையல்காரர், மட்டக்குதிரை சுமந்துவந்த மூட்டைகள். கித்தேரி அப்போது நிறைமாதம். தண்ணீர்க்குடத்தோடு வாசலுக்கு வந்தவளைப் பார்த்துத் தமயந்தி முகம் சுளித்தாள்.

"வயித்தத் தள்ளிக்கிட்டு முன்னால முன்னால வந்து நிக்காத. பிள்ளைங்க என்னென்னமோ கேக்குதுங்க."

கித்தேரி குடத்தை இறக்கி வைத்துவிட்டு மேலே ஏறிப் போனாள். அதற்குப் பிறகு அவள் அந்த வாசலுக்கு வரவில்லை. தண்ணீரைப் பவுல்ராஜே எடுத்தான்.

ஒரு பகலில் வானம் இருண்டு ஆலங்கட்டி மழை பிடித்தது. கூடவே காற்று. ஆட்டுக்கொட்டகையின் கூரை ஒரு பக்கம் பிய்த்துக்கொண்டு பறந்து ஆற்றில் விழுந்தது. ஆடுகள் கத்தின. அந்த நேரத்தில்தான் கித்தேரிக்கு வலி கண்டது. பவுல்ராஜ் ஓடிப்போய்ப் பள்ளங்கியிலிருந்து மருத்துவச்சி கருப்பம்மாளைக் கூட்டிவந்தான். வரும்போதே ஊருக்குப் போகிற வழியில் ஓடை முட்டிக்கு மேல் ஓடியது. கருப்பம்மாள் கொட்டகையைப் பார்த்ததும் தலையில் அடித்துக்கொண்டாள்.

"இந்தச் சேத்துலயாடா பிள்ள பெறுறது? ஏலே பவுலு, வெரசாப் போய் வீட்டத் தொறக்கச் சொல்லு. முன்ரூமு போதும்."

அவன் போனான். கொட்டகையிலிருந்து வீடு கூப்பிடுதூரம்தான். மழை சற்று விட்டிருந்தது. பேசியதெல்லாம் கித்தேரியின் காதில் விழுந்தது.

"ஐயா, வீட்டுக்காரிக்கு வலி கண்டுருச்சுங்க. கொட்டகை பிச்சுக்கிட்டுப் போயிருச்சு. முன்ரூமுல ஒரு ஓரமா..."

"இங்கயா? பிள்ளைங்க இருக்குற எடத்துலயா?" அது சேனாதிபதி.

"தீட்டு வீட்டுல நாங்க எப்படிச் சமைச்சுச் சாப்பிடுறது? ஊருக்குள்ள கூட்டிட்டுப் போக வேண்டியதுதானே?" அது தமயந்தி.

"ஓடை ரொம்பி ஓடுதுங்கம்மா. ஏற முடியாதுங்க."

"இந்தா பாரு பவுல்ராசு. அட்வான்ஸ் வாங்குறப்ப என்ன சொன்னே? மாசம் முடியிற வரைக்கும் இது உங்க வீடுங்கய்யான்னு சொன்னியா, இல்லையா?"

"சொன்னேங்கய்யா."

"அப்புறம்?"

கணவனின் குரல் கேட்டது. "அதுவும் சரிதாங்கய்யா."

தாழ்ப்பாள் போடுகிற சத்தம் வந்தது. சமையல்காரர் மட்டும் பின்கதவு வழியாக வந்து, மூட்டை கட்டிவந்த தார்ப்பாய் ஒன்றைப் பவுல்ராஜின் கையில் திணித்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போனார்.

அந்தத் தார்ப்பாயின் கீழே, ஆட்டுப்புழுக்கையும் மழைத்தண்ணீரும் கலந்த தரையில், வைக்கோலைப் பரப்பி அவள் பெற்றாள். ஆண்பிள்ளை. அழுகை பூனைக்குட்டியின் சத்தம்போல் இருந்தது. கருப்பம்மாள் தன் சேலையை அவிழ்த்துச் சுற்றித் தேய்த்துக்கொண்டே இருந்தாள். குளிர் விடவில்லை. பிள்ளை தங்காது என்று கித்தேரிக்குத் தெரிந்துபோயிற்று. செம்புத் தண்ணீரை அவளே அதன் தலையில் ஊற்றி, சவரிமுத்து என்று பெயர் சொல்லி ஞானஸ்நானம் கொடுத்தாள். மறுநாள் வெயில் வந்தபோது பிள்ளைக்கு மூச்சில்லை.

சேனாதிபதி குடும்பம் மாதக் கடைசி வரை இருந்தது. போகும்போது தமயந்தி ஒரு பழைய கம்பளிச் சால்வையைப் பவுல்ராஜிடம் கொடுத்து, "உன் பொண்டாட்டிக்குக் குடு, பாவம்" என்றாள். அவன் அதைக் கொண்டுவந்து நீட்டினான். கித்தேரி வாங்கி, குட்டி போட்டிருந்த ஆட்டுக்குக் கீழே விரித்தாள்.

சேனாதிபதியை அவள் வெறுத்தாள். அது அவளுக்குச் சுமையாக இல்லை. மழையை வெறுப்பதுபோல, காட்டுப்பன்றியை வெறுப்பதுபோல அது இருந்துவிட்டுப் போகும். கணவன் சொன்ன அந்த ஒரு வார்த்தையைத்தான் அவளால் கடக்க முடியவில்லை. அதுவும் சரிதாங்கய்யா. அதை அவன் அழுதுகொண்டு சொல்லியிருந்தாலும் பரவாயில்லை. கடைக்காரன் விலை சொன்னதும் தலையாட்டுகிறவனைப்போலச் சொன்னான்.

மழைக்காலம் முழுக்க அவள் அவனோடு அதிகம் பேசவில்லை. அவன் கொட்டகைக் கூரையைச் சரிபண்ணினான். கணப்புக்குப் புதுக் கல் வைத்தான். தை மாதம் கொடைக்கானலுக்குப் போய்க் குமாரவேலிடம் அட்வான்ஸ் வாங்கி வந்தான். அவளிடம் சொன்னபோது சரி என்றுகூட அவள் சொல்லவில்லை. வேண்டாம் என்றும் சொல்லவில்லை. ஆடுகளைப் பார்க்கப் போய்விட்டாள்.

அந்த வருஷம் வந்தவர் ஞானவேல். திண்டுக்கல்லில் தபாலாபீஸ் குமாஸ்தா. மனைவி சண்முகவள்ளி, இரண்டு பெண்பிள்ளைகள். சின்னதுக்குக் கக்குவான் இருமல். மலைக்காற்றில் கொஞ்சநாள் இருந்தால் சரியாகும் என்று வைத்தியர் சொல்லி, கையில் இருந்ததையெல்லாம் திரட்டிக்கொண்டு வந்திருந்தார்கள். தரகர் குமாரவேலே முன்னால் நடந்து கூட்டிவந்தார். பின்னால் தலைச்சுமையோடு கூலியாட்கள்.

கட்டைவீட்டின் வாசற்படியில் கித்தேரி உட்கார்ந்திருந்தாள். மடியில் அரிவாள். கதவு சாத்தியிருந்தது. உள்ளேயிருந்து கதவுக்குக் கட்டையை முட்டுக்கொடுத்துக்கொண்டு சகாயராணி நின்றிருந்தாள்.

"என்ன தங்கச்சி, இன்னும் ஒதுங்கலையா?" என்றார் குமாரவேல்.

"ஒதுங்கல."

"பார்ட்டி வந்தாச்சு பாரு."

"வந்த வழியே போகச் சொல்லுங்க."

குமாரவேல் சிரித்துப் பார்த்தார். அவள் சிரிக்கவில்லை. பவுல்ராஜ் ஆற்றங்கரையிலிருந்து ஓடிவந்தான். "ஏய், என்ன இது? எந்திரி."

"எந்திரிக்க மாட்டேன்."

"அட்வான்ஸ் வாங்கியாச்சு கித்தேரி."

"வாங்குனவுக முதுகுல ஏத்திக் கொண்டுபோய்த் தங்கவச்சுக்கங்க. எடம் எங்கப்பன் குடுத்தது. நான் எறங்க மாட்டேன்."

"போலீசக் கூட்டிட்டு வருவேன்" என்றார் குமாரவேல்.

"வெள்ளனே போங்க. இருட்டுறதுக்குள்ள வரலாம்."

சண்முகவள்ளி முன்னால் வந்தாள். கையில் சின்னப் பெண். அது இருமத் தொடங்கி, முகம் சிவந்து, இழுத்து இழுத்து மூச்சு வாங்கியது.

"அம்மா, பிள்ளைக்குச் சொகமில்லங்க. ரொம்ப தூரத்துல இருந்து வர்றோம். நீங்களும் பிள்ள பெத்தவங்கதானே?"

வேறு எதைச் சொல்லியிருந்தாலும் ஒருவேளை கித்தேரி யோசித்திருப்பாள். இதைக் கேட்டதும் அவள் முகம் கல்லாகிவிட்டது. "பிள்ள யாருக்குத்தான் இல்ல?" என்றாள். அதற்குமேல் அந்தக் குழந்தையைப் பார்க்கவில்லை.

பவுல்ராஜ் அவள் கையைப் பிடித்து இழுத்தான். அவள் மற்றக் கையால் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டாள். அவன் அறைந்தான். ஒருமுறை, பிறகு இன்னொருமுறை. மூக்கிலிருந்து இரத்தம் வழிந்து ரவிக்கையில் சொட்டியது. அரிவாள் மடியில்தான் இருந்தது. அவள் அதைத் தொடவில்லை. நிலையை விடவும் இல்லை.

ஞானவேல்தான் நடுவில் புகுந்தார். "யோவ், பொம்பளைமேல கை வைக்காதய்யா. விடு. எங்களுக்கு இந்த வீடு வேண்டாம். நாங்க போயிர்றோம்."

கித்தேரி அவரை நிமிர்ந்து பார்த்தாள். "உங்க நாயம் எனக்கு வேணாம். போறதுன்னாப் போங்க."

அவர்கள் போனார்கள். பாதி ஏற்றத்தில் தூறல் விழுந்தது. சண்முகவள்ளி முந்தானையால் பிள்ளையை மூடிக்கொண்டு ஏறுவதும் இருமல் சத்தமும் தேயத்தேயக் கேட்டது. கித்தேரி படியிலேயே உட்கார்ந்திருந்தாள். அந்தக் குடும்பம் அவளுக்கு ஒரு கெடுதலும் செய்யவில்லை. அது அவளுக்கே தெரியும். பிற்காலத்தில் கருப்பம்மாள் ஒருமுறை, "அன்னைக்கு அந்தப் பிள்ளையவாச்சும் உள்ள விட்டிருக்கலாம்டி" என்று சொன்னபோது, "விட்டிருக்கலாம்" என்றாள். வருத்தப்பட்டதாகத் தெரியவில்லை.

அவர்கள் கண்ணுக்கு மறைந்ததும் கணவன் பக்கம் திரும்பினாள். அதுவரை அவனை வாங்க போங்க என்றே பேசிவந்தவள்.

"நீயும் போ" என்றாள்.

பவுல்ராஜ் கொடைக்கானலுக்குப் போய் ஒரு சீசன் பங்களாவில் வாட்ச்மேன் வேலையில் சேர்ந்துகொண்டான். ஊர் முழுக்க அவன் பக்கம் நின்றது. புருஷனைத் துரத்தியவள் என்று பெண்களே பேசினார்கள். பூண்டு சுமக்கக் கூலிக்குக் கூப்பிட்டால் ஆள் வரவில்லை. பெருமாள்மலைச் சந்தையில் அவள் கூடைக்குப் பக்கத்தில் யாரும் கூடை வைப்பதில்லை. அவளும் யாரையும் பார்த்துப் பேசுவதில்லை.

உபதேசியார் சிலுவைராஜ் ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்தார். பாறையில் உட்கார்ந்து, தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டு, "மன்னிக்கணும் கித்தேரி. ஆண்டவர் அதைத்தானே சொல்லியிருக்காரு" என்றார்.

"மன்னிக்கச் சொல்றீங்களே உபதேசியாரே, எவன் வந்து எங்கிட்ட மன்னிப்புக் கேட்டான்?"

சிலுவைராஜ் செம்பைக் கீழே வைத்தார்.

"கேக்கட்டும். அப்புறம் யோசிக்கிறேன்" என்று அவளே முடித்தாள்.

சில வருஷம் அப்படிப் போயிற்று. அறுபத்தொன்றில் விடாமல் பெய்த மழையில் பூண்டு முழுக்க மண்ணுக்குள்ளேயே அழுகியது. சகாயராணி கன்னியாஸ்திரிகள் நடத்திய போர்டிங்கில் படித்துக்கொண்டிருந்தாள். அவளை நிறுத்திவிட்டுத் தோட்ட வேலைக்கு அனுப்பக் கித்தேரிக்கு மனமில்லை. அவளே நடந்து கொடைக்கானலுக்குப் போய்க் குமாரவேல் முன்னால் நின்றாள்.

"இப்பத்தான் வழிக்கு வந்தியா?" என்றார் அவர்.

"வழிக்கெல்லாம் வரல. வாடகைக்கு விட வந்திருக்கேன். முன்பாதி எனக்கு. பின்பாதியும் ஆத்துப்பக்கத்து வாசலும் அவங்களுக்கு. நான் வீட்டைவிட்டு எறங்க மாட்டேன். தண்ணி அவங்களே எடுத்துக்கணும்."

"வீட்டுக்காரி உள்ளயே குந்தியிருக்குற காட்டேஜுக்கு எவன் வருவான்?"

"வராதவன் வர வேணாம்."

ஆனாலும் வந்தார்கள். சீசனில் ஏரியைச் சுற்றி இடம் கிடைக்காதவர்களுக்கு வேறு வழியில்லை. நடுவில் பலகைத் தடுப்பு ஒன்று போட்டிருந்தாள். வந்தவர்களிடம் முதலில் சொல்வது, சுவரில் பேர் எழுதக்கூடாது என்பதுதான். வணக்கம் அதற்குப் பிறகுதான், அதுவும் எல்லோருக்கும் கிடையாது. வக்கீல் ஒருவர் வெந்நீர் கேட்டார். "விறகு இருக்கு, அடுப்பு இருக்கு, கையும் இருக்கு" என்று பதில் வந்தது. திருச்சியிலிருந்து வந்த ரயில்வே அதிகாரி சாப்பிட்ட இலைகளைச் சுருட்டி ஆற்றில் எறிந்தார். கித்தேரி கரையில் போய் நின்றாள்.

"எறங்கி எடுங்க."

"நான் யாருன்னு தெரியுமா?"

"எலையப் போட்டவரு."

அவர் மனைவி முகத்தைத் திருப்பிக்கொண்டாள், சிரிப்பை மறைக்க. அதிகாரி வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, பனிபோல் குளிர்ந்த தண்ணீரில் இறங்கி, பாறை இடுக்கில் ஒட்டியிருந்த இலைகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கினார். கடைசி இலை வரும்வரை அவள் நகரவில்லை. அவர் ஊருக்குப் போய் ஊரெல்லாம் திட்டினார் என்று குமாரவேல் சொன்னார். "திட்டட்டும்" என்றாள்.

நல்லவர்களிடமும் அவள் அப்படித்தான். புதிதாகக் கல்யாணமான வாத்தியார் ஒருவரும் அவர் மனைவியும் வந்தபோது, அந்தப் பெண் ஆசையாக ஒரு பிஸ்கட் டின் கொண்டுவந்து நீட்டினாள். கித்தேரி வாங்கவில்லை. அந்தப் பெண் அதைக் கல்மேல் வைத்துவிட்டு அழுதுகொண்டே உள்ளே போனாள். விடுமுறைக்கு வந்திருந்த சகாயராணி தாயைப் பிடித்துக்கொண்டாள்.

"சிரிச்சுப் பேசுனா என்னம்மா கொறஞ்சிரும்? அவங்க என்ன பண்ணாங்க நம்மள?"

"ஒண்ணும் பண்ணல."

"அப்புறம் ஏன்?"

"சிரிச்சா, அடுத்தாப்புல எந்திரின்னு சொல்லுவாங்க. எந்திரிச்சா, போன்னு சொல்லுவாங்க. எனக்கு அந்தச் சோலி வேணாம்."

சகாயராணிக்குக் கோபம் தீரவில்லை. பிஸ்கட் டின்னை எடுத்துக்கொண்டு போய் அந்தப் பெண்ணிடம் மன்னிப்புக் கேட்டாள்.

அறுபத்தாறில் பவுல்ராஜ் வேலை பார்த்த பங்களா கைமாறியது. புது முதலாளி தன் ஊர் ஆளை வைத்துக்கொண்டார். சீசன் தொடங்குவதற்குச் சற்று முன்னால், தலை நரைத்து, தகரப்பெட்டி ஒன்றோடு பவுல்ராஜ் சரிவில் இறங்கி வந்தான். கித்தேரி பிடுங்கிப்போட்ட பூண்டுக்குக் காய்ந்த தாள் நீக்கிக்கொண்டிருந்தாள்.

"என்ன?" என்றாள்.

"வேலை போயிருச்சு."

"அதுக்கு?"

"இங்கயே இருந்துக்கிறேன்."

அவள் இன்னும் சில பூண்டுகளுக்குத் தாள் நீக்கினாள். "வெறகு பொளக்க வருமா இப்பவும்?"

"வரும்." பெட்டியை இறக்கி வைத்தான். "கித்தேரி, அன்னைக்கு மழையில நான் அப்படிச் சொன்னது..."

"கோடாலி கதவுக்குப் பின்னால இருக்கு."

அவன் நின்றான். அவள் தலை நிமிரவில்லை. அவன் போய்க் கோடாலியை எடுத்தான். மன்னிப்பு என்ற பேச்சை அதற்குப் பிறகும் சிலமுறை எடுக்கப் பார்த்தான். ஒவ்வொருமுறையும் அவள் ஏதாவது வேலை சொன்னாள். ஒரே அடுப்பில் சமைத்தார்கள், ஒரே கூரையில் படுத்தார்கள். அவள் அவனை நீ என்றே கூப்பிட்டாள். சண்டை இல்லாத நாள் குறைவு. ஆனால் அவனைப் போ என்று மறுபடி சொல்லவில்லை.

அவனுக்குப் பழைய வழக்கம் மட்டும் போகவில்லை. அந்த மே மாதம் ஈரோட்டிலிருந்து ஒரு குடும்பம் மூட்டை முடிச்சோடு வந்து நின்றது. பவுல்ராஜ் ஓடிப்போய்க் கைகூப்பி, அதே சிரிப்போடு, "வாங்கய்யா, வாங்கம்மா, உங்க வீடு மாதிரி நெனச்சுக்கங்க" என்றான்.

உள்ளேயிருந்து கித்தேரியின் குரல் வந்தது.

"அப்படியெல்லாம் நெனைக்க வேணாம். எங்க வீடுன்னே நெனச்சுக்கிட்டு வாங்க."

வந்தவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பவுல்ராஜ் தலையைச் சொறிந்தான். பிறகு அந்தக் குடும்பத்துத் தலைவர் செருப்பை வாசலில் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, "உள்ள வரலாங்களா?" என்று கேட்டார்.

"வாங்க" என்றாள் கித்தேரி.